நாள் தள்ளிப் போகுமுன்

ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்பதை நேராகச் சொல்ல நம் பாஷைக்கு எப்போதுமே கொஞ்சம் கூச்சம். "முழுகாமல் இருக்கிறாள்" என்கிறோம். "நாள் தள்ளிப் போயிருக்கிறது" என்கிறோம். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கிறோம், பதிலுக்கு அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டால் போதும், வீடு முழுவதும் புரிந்துகொண்டுவிடும். கதை எழுதுகிறவர்களுக்கு இது மிகவும் சௌகரியமான வழக்கம். கதாநாயகியைத் தலை குனிய வைத்துவிட்டு, ஒரு பாராவை மிச்சப்படுத்திக்கொண்டு, நேரே வளைகாப்புக்குப் போய்விடலாம்.

ஆனால் இந்த வார்த்தைகளைச் சற்று உற்றுப் பாருங்கள். முழுக வேண்டிய நாள் வந்து, முழுகாமல் போன பிறகுதான் இந்தப் பேச்சே பிறக்கிறது. நாள் தள்ளிப் போன பிறகுதான் "தள்ளிப் போயிற்று" என்று சொல்ல முடியும். அதற்கு முன்னால் இருந்த நாட்களுக்கு நம்மிடம் பெயரே கிடையாது. பெயரில்லாத அந்த நாட்களில் எவ்வளவு காரியம் நடந்து முடிந்துவிடுகிறது என்பதைத் தர்மபுரி ஜில்லாவில் ஒரு நர்ஸம்மாவோடு மூன்று நாள் சுற்றியபோது நான் தெரிந்துகொண்டேன்.

நான் போனது வேறு காரியமாக. எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஒரு குடும்பத்தைப் பென்னாகரம் பக்கத்திலே குடிவைத்திருந்தேன். குடிவைத்த ஊரைக் கண்ணால் பார்க்காமல் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஒகேனக்கல் போகிற சாலையைவிட்டு உள்ளே திரும்பினால், புளிய மரமும் பாறையும் கேழ்வரகுக் கொல்லையுமாக விரிகிற பூமி. அங்கே ஒரு துணைச் சுகாதார நிலையம். அதன் ராணி அந்த நர்ஸம்மா. நாற்பது வயதிருக்கும். ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பை, தோளில் ஒரு பை. "கூட வர்றதுன்னா வாங்கம்மா. ஆனா வெயில்ல கறுத்துப் போனீங்கன்னா என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லிப் பின்னால் ஏற்றிக்கொண்டாள்.

பையில் இருந்ததில் முக்கால்வாசி சிவப்பு மாத்திரை. ஊரில் அதற்குச் "சத்து மாத்திரை" என்று பெயர். அதில் இரண்டு சரக்கு இருக்கிறது: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். 1970-ஆம் ஆண்டிலிருந்து இந்திய சர்க்கார் கர்ப்பிணிப் பெண்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்து இலவசமாகக் கொடுத்து வருகிறது; அளவுதான் இடையிடையே மாறியிருக்கிறது. இப்போதைய கணக்கில் நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு வாரம் ஒன்று, நீல நிறத்தில்.

கொடுப்பது சர்க்கார், சாப்பிட வேண்டியது பெண். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் நர்ஸம்மா தினமும் ஸ்கூட்டரில் கடந்துகொண்டிருந்தாள்.

"மாத்திரை சாப்பிட்டியா?" என்று வாசலிலேயே கேட்பாள்.

"சாப்பிட்டேங்க்கா" என்று பதில் வரும், நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்துவிட்டோம் என்று சொன்ன அதே குரலில்.

"வெளிக்குப் போனா எப்படிப் போவுது? கறுப்பாவா, எப்பவும் போலவா?"

பெண் திருதிருவென்று விழிப்பாள். "எப்பவும் போலதான்" என்றால் தீர்ந்தது. மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை. இரும்பு உள்ளே போனால் மலம் கறுக்கும். துப்பறியும் கதைகளில் எத்தனையோ தடயங்களைப் படித்திருக்கிறேன். இவ்வளவு எளிமையான தடயத்தை எந்த ஆசிரியரும் இதுவரை உபயோகித்ததாகத் தெரியவில்லை. பிறகு நர்ஸம்மா உள்ளே போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்தோ, சாமி படத்துக்குப் பின்னாலிருந்தோ, பிரிக்காத அட்டைகளை எடுத்துக்கொண்டு வருவாள்.

ஏன் சாப்பிடவில்லை? குமட்டுகிறது என்பார்கள்; அது நிஜம். மலச்சிக்கல் என்பார்கள்; அதுவும் நிஜம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டால் இரண்டும் கொஞ்சம் மட்டுப்படும். ஆனால் ஒரு வீட்டில் மாமியார் அம்மாள் காரணத்தைப் பட்டென்று போட்டு உடைத்துவிட்டாள்: "இரும்பைத் தின்னா புள்ள கறுப்பாப் பொறக்கும்."

நர்ஸம்மா முந்தானையை விலக்கித் தன் கையை நீட்டினாள். "எங்கம்மா ஒரு மாத்திரை தின்னதில்ல, அத்தே. நான் எந்த நெறத்துல பொறந்திருக்கேன் பாரு!"

மாமியார் உட்பட எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு மாத்திரை எங்கள் கண்ணெதிரே உள்ளே போயிற்று. சிரிப்பில்லாமல் போதித்திருந்தால் போயிருக்குமா என்பது சந்தேகம்தான்.

இரத்தத்தைப் பற்றி அந்தப் பக்கத்து ஜனங்கள் பேசுவதைக் கேட்டால் தங்கத்தின் விலையைப் பேசுவது போல இருக்கும். "எம் மருமவளுக்கு எட்டு பாயிண்ட்", "அவளுக்கு ஒம்போதரை ஏறியிருக்கு" என்பார்கள். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தால் சோகை. 7-க்கும் கீழே என்றால் அபாயம். இதிலே நான் புதிதாகத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம், கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணின் உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடுகிறது என்பது. அதற்கும், குழந்தைக்கும், நஞ்சுக்கொடிக்கும், பிரசவத்தில் இழப்பதற்கும் சேர்த்து அந்த ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாக வேண்டும். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஈர்த்துக்கொள்வது நாளொன்றுக்குச் சில மில்லிகிராம்தான். கணக்கு எப்படிச் சரிக்கட்டும்? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலே நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சோகை. தமிழ்நாட்டிலும் ஏறத்தாழப் பாதிப்பேர்.

மாத்திரையோடு சேர்ந்து ஒரு டம்ளர் டீ குடித்தால், டீயிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டுவிடும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையைக் கூடவே போட்டால் அதுவும் இதற்குப் போட்டி. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மாறாக, எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். நெல்லிக்காய் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. தர்மபுரிதானே பழைய தகடூர்! அதியமான் தனக்குக் கிடைத்த அபூர்வ நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தது இந்த ஊரிலல்லவா? அரண்மனையில் ஒரு கர்ப்பிணிப் பெண் கூடவா இல்லாமல் போனாள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் ஔவையிடம் சண்டைக்குப் போக எனக்குத் தைரியம் கிடையாது.

இரண்டாம் நாள் போன வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண். திண்ணையோரம் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். முதல் குழந்தை போன வருஷம் பிறந்தது. பிறந்த உடனே போய்விட்டது. ஐந்தாம் மாத ஸ்கானிலே, தலையின் மேல்பாகம் மூடவில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டார் நம்பவில்லை; இன்னொரு இடத்தில் ஸ்கான் எடுத்தார்கள், பிறகு கோயிலுக்குப் போனார்கள், பிறகு காலம் கடந்துவிட்டது. குழந்தை போன பிறகு காரணம் தேடினார்கள். காரணம் சுலபமாகக் கிடைத்தது. கிரகணத்தன்று அவள் அரிவாள்மணையில் உட்கார்ந்து காய் நறுக்கினாளாம்.

"நறுக்கினியா?" என்று நான் கேட்டேன்.

"ஞாபகம் இல்லீங்கம்மா. நறுக்கியிருப்பேன். தினம் நான்தானே நறுக்கறேன்" என்றாள் அவள்.

அந்தப் பதிலை நான் வெகு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் தாய் வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்திருந்தாள். மகனுக்கு வேறு இடம் பார்க்கலாமா என்று ஒரு பேச்சுக் கூட அடிபட்டிருக்கிறது. மகன் பெங்களூரில் கட்டட வேலை. அந்தப் பேச்சுக்கு அவன் இடங்கொடுக்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கிரகணம் செய்யாத காரியத்தை எது செய்தது? கரு உண்டான முதல் சில வாரங்களிலே, தட்டையான ஓர் ஏடு போல இருக்கிற பாகம் இரண்டு ஓரமும் மடிந்து குழாயாகச் சேருகிறது. அந்தக் குழாய்தான் மேலே மூளையாகவும் கீழே தண்டுவடமாகவும் ஆகிறது. கரு உண்டாகி 28 நாளுக்குள் அது முழுவதும் மூடிக்கொண்டாக வேண்டும். மேலே மூடாவிட்டால் தலை இல்லை. கீழே மூடாவிட்டால் முதுகில் கட்டியோடு, பல சமயம் கால் வராமல், குழந்தை பிறக்கும். இப்படி ஆவதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது. ஆனால் ஃபோலிக் அமிலக் குறைவு அதிலே பெரிய பங்கு என்பது ருசுவாகிவிட்டது. 1991-ல் முடிந்த பரிசோதனை அது. 7 நாடுகளில் 33 ஆஸ்பத்திரிகளில், ஏற்கனவே இப்படி ஒரு குழந்தையை இழந்த பெண்களாகவே சேர்த்து, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஒரு பகுதியினருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடியும் வருவது 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், மற்றப் பெண்களுக்குக் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்று பரிசோதனையைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அந்த 28 நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். மாதந்தோறும் தவறாமல் முழுகுகிற பெண்ணுக்கு, நாள் தள்ளிப் போகிற அன்றைக்கே கருவுக்கு இரண்டு வார வயது. இன்னும் இரண்டே வாரம். அந்த இரண்டு வாரத்தில் எந்த வீட்டில் யாருக்குச் சொல்லுகிறார்கள்? "இன்னொரு மாசம் போகட்டும், கண்ணு பட்டுடும்" என்று மாமியாருக்குத் தெரிந்ததைக் கூட அண்டை வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். சர்க்காரும் தன் பங்குக்கு அவசரப்படுத்துகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள உதவித் தொகையைப் பெற வேண்டுமானால் 12 வாரத்துக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு, ஆயிரக்கணக்கான பெண்களைச் சீக்கிரமாக நர்ஸின் நோட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் 12 வாரம் எங்கே, அந்தக் குழாய் மூடுகிற நாள் எங்கே! சிவப்பு மாத்திரை வருகிற நாலாம் மாதம் இரத்தத்துக்குச் சரி. தலைக்கும் முதுகுக்கும் வெகு தாமதம்.

இதிலே மனத்தை உறுத்துகிற சங்கதி, ஃபோலிக் அமிலம் என்ற பொருளே நம் பெண்களின் இரத்தத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது என்பது. லூசி வில்ஸ் என்று ஓர் ஆங்கிலேயப் பெண் டாக்டர். 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். இரும்பு கொடுத்தும் தீராத சோகை. அவர்கள் வீடுகளுக்கே போய் என்ன சமைக்கிறார்கள், என்ன தின்கிறார்கள் என்று பார்த்தார் இந்த அம்மாள். நடுவில் நம் குன்னூர் பாஸ்டர் ஸ்தாபனத்தில் கொஞ்ச நாள். 1931-ல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லுவார்களே, திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியாக இருப்பது, அங்கே கொஞ்ச நாள். கடைசியில் சோகையைத் தீர்த்தது எது தெரியுமா? இங்கிலாந்தில் ரொட்டியிலே தடவித் தின்கிற மார்மைட்! பீர் தயாரிக்கும் தொழிலில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்கிற கறுப்புக் குழம்பு. அதில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்பது வரையில் அவருக்குத் தெரிந்தது. வெகு காலம் அதற்கு "வில்ஸ் சத்து" என்றே பெயர்.

1941-ல் அமெரிக்காவில் 4 டன் பசலைக் கீரையைப் பிழிந்து அந்தச் சத்தைத் துளியூண்டு பிரித்தெடுத்தார்கள். கீரை இலையிலிருந்து வந்ததால், இலைக்கு லத்தீனில் உள்ள பெயரை வைத்து ஃபோலிக் அமிலம் என்றார்கள். டன் கணக்கில் கீரை பிழிந்து யாருக்கு மருந்து கொடுப்பது? 1945-ல் லெடர்லி கம்பெனியில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி போட்டுக்கொண்டு ஆபரேஷன் அறைக்குள் போனதற்காக, முழுப் பட்டம் கொடுக்காமல் கீழ்ப்பட்டத்தோடு அனுப்பப்பட்ட மாணவர். இன்று தர்மபுரிக் கொல்லைமேட்டில் ஒரு பெண் விழுங்குகிற மாத்திரைக்குப் பின்னால் பம்பாய் மில் தொழிலாளிப் பெண்களும், சென்னையின் கோஷா ஆஸ்பத்திரியும், இந்தக் கதர்ச் சட்டைக்காரரும் இருக்கிறார்கள். இவ்வளவு வீட்டுச் சரக்காக இருந்தும் உரிய நாளில் நம் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

சட்டத்தில் குறை இல்லை. குழந்தை வேண்டுமென்று நினைக்கிற நாளிலிருந்தே, மூன்றாம் மாதம் முடியும் வரை, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்று நம் நாட்டு வழிமுறையிலேயே எழுதியிருக்கிறது. ஏற்கனவே இப்படிக் குழந்தையை இழந்தவர்களுக்கு டாக்டர் சீட்டின் பேரில் அதைப் போலப் பத்து மடங்கு அளவு. அந்தப் புளி உடைக்கிற பெண்ணுக்கும் தர்மபுரியில் ஒரு டாக்டரம்மாள் எழுதிக் கொடுத்திருந்தார். சீட்டு இருந்தது. மாத்திரையும் வாங்கியிருந்தார்கள். மாமியார் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டாள்.

"கருவே தங்கல. அதுக்குள்ள என்னாத்துக்கு மாத்திரை? புள்ள தங்காம இருக்கத்தானே இத்தத் தர்றீங்க?" என்று அவள் நர்ஸம்மாவைக் கேட்டபோது, எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்த வாசலில் வந்து நின்ற நர்ஸுகள், கர்ப்பமாகாத பெண்ணுக்கு என்று கொண்டுவந்த மாத்திரை ஒன்றே ஒன்றுதான். அது கருத்தடை மாத்திரை. வேடிக்கை என்னவென்றால் அந்த மாலா-டி அட்டையிலும் கடைசி 7 மாத்திரை வெறும் இரும்புச் சத்துத்தான்! எது எதற்கு என்று அந்த அம்மாள் எப்படிக் கண்டாள்? ஒரு பேரக் குழந்தையை மண்ணில் வைத்துவிட்டு வந்தவள். அடுத்ததையும் யாரோ பறித்துக்கொண்டு போகிறார்கள் என்று காவல் காத்தாள். அவ்வளவுதான்.

நர்ஸம்மா அன்று வேறு வீட்டுக்குப் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தானும் ஒரு கை புளி உடைக்க ஆரம்பித்தாள். கொல்லையில் கேழ்வரகு எப்போது விதைத்தார்கள் என்று கேட்டாள். விதைக்கு முன்னால் எரு அடித்தார்களா என்று கேட்டாள்.

"அடிக்காம? வெதைச்சப்புறமா அடிப்பாங்க?" என்றாள் மாமியார்.

"அதேதான் அத்தே இது" என்றாள் நர்ஸம்மா.

சொன்ன மாத்திரத்தில் மாமியார் மனம் மாறிவிட்டதாக நான் எழுதினால் அது என் நாவலுக்குத்தான் உதவும். அவள் பதில் சொல்லவில்லை. எங்களுக்கு மோர் கொடுத்தாள். மறு நாளும் நர்ஸம்மா போனாள், வேறு பேச்சுப் பேசிவிட்டு வந்தாள். நான் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் போனில் சொன்னாள்: மாத்திரை மாமியார் கையிலேயேதான் இருக்கிறதாம். ஆனால் ராத்திரிச் சாப்பாடானதும் அவளே ஒன்றை எடுத்து மருமகளிடம் கொடுத்து, விழுங்குகிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறாளாம். காவல் மாறவில்லை, காக்கிற பக்கம்தான் மாறியிருக்கிறது.

இதே ஜில்லாவில் அரூருக்கு அப்பால் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993-ல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதிகள் அங்கே குடிசை போட்டு வைத்தியம் தொடங்கியபோது, பிறக்கிற 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் வருஷத்துக்குள் இறந்துகொண்டிருந்தன. அவர்கள் வெளியூரிலிருந்து நர்ஸுகளைக் கூட்டி வரவில்லை. அந்த மலையாளிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெண்ணைப் பொறுக்கி, கர்ப்பிணிகளை வீட்டிலே போய்ப் பார்க்கச் சொன்னார்கள். சாவு பல மடங்கு குறைந்தது. திண்ணையில் உட்கார்ந்து புளி உடைக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்பதை அவர்கள் எனக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"இதெல்லாம் எதற்கு? அந்தக் காலத்தில் களியும் கீரையும் தின்று பத்துப் பெறவில்லையா?" என்று வாசகர்களில் சிலர் கேட்பார்கள். பத்துப் பெற்றார்கள், எத்தனை தங்கிற்று என்று எந்தப் பாட்டியையாவது தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் களியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதிலுள்ள இரும்பு அப்படியே உடம்பில் சேராது. முளை கட்டினாலும் கூழாகப் புளிக்க வைத்தாலும் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். ரேஷன் அரிசி வந்தபின் களி குறைந்தது. 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடையிலேயே அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். கீரையிலும் ஃபோலிக் சத்து உண்டு, பெயரே அதனால் வந்ததுதானே! ஆனால் வெகு நேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் சத்தில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும்.

பட்டணத்து வீடுகளில் கதை தலைகீழ். கல்யாணமான மறு மாதமே மருந்துக் கடையிலிருந்து பத்து வகை டானிக். எல்லாம் சத்துத்தானே என்று நினைக்கிறார்கள். ரெட்டினால் வடிவத்திலுள்ள ஏ வைட்டமின் அளவுக்கு மிஞ்சினால் கருவுக்கே கெடுதல். டாக்டர் சொன்னது இரண்டானால் இரண்டோடு நிறுத்துவது புத்திசாலித்தனம்.

மூன்றாம் நாள் சாயங்காலம், துணை நிலையத்தில் நர்ஸம்மா நோட்டு எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கர்ப்பிணிகளுக்கு ஒரு பதிவேடு, குழந்தைகளுக்கு ஒரு பதிவேடு. மூன்றாவதாக ஒன்று, ஊரில் கல்யாணமாகி வாழ்கிற தம்பதிகள் எல்லோருடைய பெயரும் கொண்டது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ஏற்பட்ட பதிவேடு அது. யார் என்ன முறையைக் கைக்கொள்கிறார்கள் என்று குறிக்க அதிலே கட்டம் போட்டிருந்தது. சில பெயர்களுக்கு நேரே, கட்டத்துக்கு வெளியே, பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருந்தாள்.

"இது என்ன?"

"புதுசாக் கல்யாணம் ஆனதுங்கம்மா. இதுங்களுக்கு முன்னாடியே ஃபோலிக் குடுக்கணும். அதுக்குன்னு நோட்டு இல்ல. அதான் புள்ளி வெச்சிக்கறேன்" என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். பதினொரு புள்ளிகள் இருந்தன. நாலு புள்ளிக்காரர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்களாம். பொங்கலுக்கு வந்தால் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பென்சிலைச் சீவினாள்.